கருக்கலைப்பு பற்றி அமெரிக்கர்களின் கருத்து மாறியதா? மாறியது யாரிடம்?

கேள்விக்குறி:

அமெரிக்காவில் கருக்கலைப்பு குறித்த மக்கள் கருத்து 1970-களிலிருந்து வயது, பால், மதம், கட்சி வாரியாக எப்படி நகர்ந்திருக்கிறது என்று ஒரு கட்டுரைக்காகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் சர்வேயில் 1975-ஆம் ஆண்டு 'எந்தச் சூழலிலும் சட்டப்படி அனுமதிக்க வேண்டும்' என்றவர்கள் 21%, 'சில சூழல்களில் மட்டும்' 54%, 'எந்தச் சூழலிலும் கூடாது' 22%. 2024-இல் அதே கேள்விக்கு 35, 50, 12. அரை நூற்றாண்டு ஓடியும் நடுவில் இருக்கும் எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. ஆனால் அதே நிறுவனம் 'நீங்கள் ப்ரோ-சாய்ஸா (கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவு), ப்ரோ-லைஃபா (எதிர்ப்பு)' என்று கேட்டபோது 1995-இல் 56-க்கு 33, 2009-இல் தலைகீழாக 42-க்கு 51, 2022 மே மாதத்தில் 55-க்கு 39. பியூ ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2024-இல் 63% பேர் 'எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களில் அனுமதி' என்கிறார்கள் என்று சொல்கிறது.

ஆண்-பெண் வித்தியாசம் இன்னும் குழப்புகிறது. பியூ 2024-இல் ஆண்கள் 61, பெண்கள் 64. கேலப் 2025-இல் தங்களை ப்ரோ-சாய்ஸ் என்று சொல்லும் பெண்கள் 61%, ஆண்கள் 41%. எதை நம்புவது? மூல டேட்டாவை எடுத்து நானே கணக்கிடுவதானால் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே சறுக்கும்?

அளவுகோல்:

இதில் முரண் ஒன்றும் இல்லை. வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த பதில்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள்.

கேலப்பின் 'சில சூழல்களில் மட்டும்' என்பது எதைப் போட்டாலும் கொள்ளும் கோணிப்பை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சரி என்பவரும் அதற்குள்தான், இருபது வாரம் வரை யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பவரும் அதற்குள்தான். முதலாமவர் இரண்டாமவர் பக்கம் பாதி தூரம் நகர்ந்தாலும் அந்த 50 அசையாது. அதைப் பிரிக்கத்தான் 'பெரும்பாலான சூழல்களிலா, வெகு சில சூழல்களிலா' என்ற துணைக் கேள்வியையும் கேலப் கேட்கிறது. அந்தப் பிரிவு இல்லாமல் 1975-2024 ஒப்பீட்டைப் போடாதீர்கள்.

கர்ப்ப காலத்தை வைத்துக் கேட்ட கேள்வி இதைவிடப் பயன்படும். கேலப் 2018: முதல் மூன்று மாதத்தில் அனுமதிக்கலாம் 60%, இரண்டாம் கட்டத்தில் 28%, கடைசிக் கட்டத்தில் 13%. 2023: 69, 37, 22. மூன்று கட்டத்திலும் ஒன்பது புள்ளி ஏறியிருக்கிறது, ஆனால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு வரும் சரிவு அப்படியே இருக்கிறது. பியூ 2022-இல் எடுத்த விரிவான சர்வேயும் இதையே காட்டுகிறது. ஆறு வாரத்தில் சட்டப்படி இருக்கலாம் 44%, கூடாது 21%. இருபத்து நான்கு வாரம் என்றதும் 22%, 43%. எந்த விதிவிலக்கும் இல்லாமல் முழு அனுமதி கேட்பவர்கள் 19%, எந்த விதிவிலக்கும் இல்லாமல் முழுத் தடை கேட்பவர்கள் 8%. மீதிப் பேர் நடுவில்தான்.

'ப்ரோ-சாய்ஸ், ப்ரோ-லைஃப்' கேள்வி சட்டத்தைப் பற்றியதே அல்ல, ஆள் தனக்குத் தானே குத்திக்கொள்ளும் முத்திரை. அன்றைய அரசியல் சூடு அதில் உடனே ஏறும், உடனே இறங்கும். இங்கே தேதியையும் கவனியுங்கள். கேலப்பின் 2022 சர்வே நடந்தது மே 2 முதல் 22 வரை. கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது டாப்ஸ் வழக்கில்தான். அதன் வரைவுத் தீர்ப்பு கசிந்தது மே 2 இரவு, தீர்ப்பு வந்ததோ ஜூன் 24. அந்த 55-39-ஐ 'டாப்ஸ் தீர்ப்பின் விளைவு' என்று எழுதினால் தப்பு. அது கசிவின் விளைவு.

ஆண்-பெண் விஷயமும் இதே கதைதான். இருபது புள்ளி இடைவெளி முத்திரைக் கேள்வியில், மூன்று புள்ளி சட்டக் கேள்வியில். போதாக்குறைக்கு வருடமும் வேறு, நிறுவனமும் வேறு. ஒரே நிறுவனத்தின் ஒரே கேள்வியை வருடா வருடம் பால் வாரியாக அடுக்குங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய சட்டக் கேள்விகளில் அநேகமாக இடைவெளியே இருக்காது. 'பெண்கள் எப்போதுமே ஆதரவு, ஆண்கள் எப்போதுமே எதிர்ப்பு' என்ற பொதுப்புத்தியை டேட்டா ஏற்றுக்கொள்வதில்லை.

சாம்பிள் அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1000 பேர் சர்வேயில் 18-29 வயதுப் பெண்கள் நூறு பேர் தேறினால் பெரிய விஷயம். 90 பேர் என்றால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ பத்து புள்ளி. வெயிட் (சாம்பிளை மக்கள்தொகையோடு பொருத்த ஒவ்வொரு பதிலுக்கும் தரும் எடை) போட்டதால் வரும் கூடுதல் ஆட்டத்தைச் சேர்த்தால் பன்னிரண்டு. இரண்டு வருடத்தை ஒப்பிட்டு வித்தியாசம் எடுத்தால் அது இன்னும் 1.4 மடங்கு விரியும். 'இளம்பெண்களிடம் 8 புள்ளி தாவல்' என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று தேடுங்கள்.

தரவுக்காரி:

மூல டேட்டா வேண்டும் என்றால் ஜி.எஸ்.எஸ். எடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் என்.ஓ.ஆர்.சி. 1972-லிருந்து நடத்தும் பொது சமூக சர்வே, டேட்டா இலவசம். ஆர் என்ற நிரல்மொழி தெரிந்தால் ஜி.எஸ்.எஸ்.ஆர். என்ற பேக்கேஜ் முழுக் கோப்பையும் இழுத்துக் கொடுத்துவிடும்.

அதில் கருக்கலைப்பு பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம்-இல்லை. தாயின் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து, குழந்தைக்குக் கடும் குறைபாடு, பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பம் என்ற மூன்றும் ஒரு கூட்டம். வறுமை, திருமணம் ஆகாதவர், இனி குழந்தை வேண்டாம் என்ற தம்பதி என்ற மூன்றும் இன்னொரு கூட்டம். ஏழாவது, 'எந்தக் காரணத்துக்காகவும்', 1977-இல்தான் சேர்ந்தது. முதல் கூட்டத்துக்கு ஆதரவு எப்போதுமே மிக உயரத்தில் இருக்கும், இரண்டாவதற்குப் பாதியை ஒட்டி. ஏழையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்கிவிட்டால் முதல் கூட்டம் மேலே முட்டிக்கொண்டு நிற்பதால் மாற்றம் தெரியாமல் போய்விடும். இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். 'எந்தக் காரணத்துக்காகவும்' கேள்விதான் அதிகம் நகர்ந்தது. 1977-இல் நாற்பதுக்கும் கீழே இருந்தது, 2018-இல் பாதியை எட்டியது, 2021-இல் அதையும் தாண்டியது.

இனி சறுக்கும் இடங்கள்.

வெயிட். இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல்கள் எல்லாம் டபிள்யூ.டி.எஸ்.எஸ்.ஏ.எல்.எல். என்ற வெயிட்டைப் பயன்படுத்தும். 2021 வரிசைகளுக்கு அது காலி. எரர் எதுவும் வராது, அந்த வருடம் சத்தமில்லாமல் காணாமல் போகும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். டபிள்யூ.டி.எஸ்.எஸ்.பி.எஸ். எடுங்கள், எல்லா வருடத்துக்கும் இருக்கிறது. வெயிட் போட்டதும் வருடவாரியாக எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று ஒரு அட்டவணை எடுத்துப் பார்ப்பது நல்லது.

1982, 1987 ஆண்டுகளில் கறுப்பினத்தவரைக் கூடுதலாகச் சேர்த்துப் பேட்டி எடுத்தார்கள். அவர்களை நீக்காமல் மொத்த சதவீதம் போட்டால் அந்த இரண்டு புள்ளிகள் மட்டும் கோட்டிலிருந்து விலகி நிற்கும். யார் கூடுதல் என்பது சாம்பிள் என்ற மாறியில் குறித்திருக்கிறது.

1988-லிருந்து எல்லாக் கேள்வியும் எல்லோரிடமும் கேட்பதில்லை. கருக்கலைப்புக் கேள்விகள் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத்தான். 2018-இல் மொத்தம் 2348 பேர், உங்களுக்குக் கிடைப்பது சுமார் 1550. அதில் முப்பது வயதுக்குக் கீழே இருநூற்றுச் சொச்சம். எனவே இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குங்கள். 2021-ஐ மட்டும் எதனோடும் சேர்க்காதீர்கள். கோவிட் காரணமாக அந்தச் சுற்று நேர்முகப் பேட்டியிலிருந்து இணையத்துக்கு மாறியது. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்கும்போது சொல்வதும் திரையில் தனியாகத் தட்டுவதும் ஒன்றல்ல, 'தெரியாது' என்பவர்களின் எண்ணிக்கையும் மாறிவிடும். 2018-க்கும் 2021-க்கும் நடுவே கோட்டை இணைக்காமல் விட்டுவிட்டு, முறை மாறியது என்று படத்திலேயே எழுதுங்கள். பியூவுக்கும் இதே வியாதி உண்டு. 2019-க்கு முந்தைய எண்கள் தொலைபேசியில் எடுத்தவை, பிறகு வந்தவை இணையக் குழுவில் எடுத்தவை.

'தெரியாது' சொன்னவர்களைச் சதவீதம் போடும் மொத்த எண்ணில் வைப்பதா, எடுத்துவிடுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். இரண்டு புள்ளி வித்தியாசம் இதிலேயே வந்துவிடும்.

ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) மக்களின் போக்கைக் காட்ட ஆசைப்பட்டால் 2000-க்கு முன் அந்தக் கேள்வியே கிடையாது. 2006-க்கு முன் பேட்டி ஆங்கிலத்தில் மட்டும், ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர்கள் சாம்பிளிலேயே இல்லை. 2004-க்கும் 2006-க்கும் நடுவே அந்தக் கோடு வளைந்தால் கருத்து மாறியதாக எழுதிவிடாதீர்கள்.

பிழை வரம்புக்கு வி-ஸ்ட்ராட், வி-பி.எஸ்.யூ. இரண்டையும் கொடுக்க வேண்டும். ஆளை எந்த அடுக்கிலிருந்து (ஸ்ட்ராட்டம்), எந்தப் பகுதித் தொகுப்பிலிருந்து (பி.எஸ்.யூ.) எடுத்தார்கள் என்று சொல்லும் மாறிகள் அவை, இந்த விவரத்தைத்தான் டிசைன் என்கிறேன். சிறு பிரிவாக வெட்டும்போது ஒரு ஸ்ட்ராட்டத்தில் ஒரே ஒரு பி.எஸ்.யூ. மிஞ்சி நிரல் நின்றுவிடும். டேட்டாவை வெட்டிவிட்டு டிசைன் கொடுப்பதால் வருவது அது. முழு டேட்டாவுக்கும் டிசைன் கொடுத்து, அதற்குப் பிறகு சப்செட் எடுங்கள். அப்புறமும் வந்தால் ஆர்-இல் 'லோன்லி பி.எஸ்.யூ.' அமைப்பை 'அட்ஜஸ்ட்' ஆக்குங்கள்.

குறுக்குவெட்டு:

தரவுக்காரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையின் கேள்வியே 'மாறியது யார்' என்பதுதான்.

கட்சி வாரியாகப் பாருங்கள். பியூவில் 2007-இல் ஜனநாயகக் கட்சியினர் 63%, குடியரசுக் கட்சியினர் 39% ஆதரவு. 2024-இல் 85%, 41%. ஒரு பக்கம் இருபத்திரண்டு புள்ளி ஏறியிருக்கிறது, மறுபக்கம் இருந்த இடத்தில் இருக்கிறது. 'இரு துருவமும் விலகின' என்று எழுதும் வழக்கத்துக்கு இது பொருந்தாது, விலகியது ஒரு துருவம். 1970-களில் இந்த இடைவெளியே கிடையாது, குடியரசுக் கட்சியினர்தான் ஒரு முடி அளவு கூடுதல் ஆதரவு. 1980-களின் பிற்பகுதியில்தான் கோடுகள் ஒன்றையொன்று வெட்டின.

ஆனால் அந்த இருபத்திரண்டு புள்ளியும் மனமாற்றமா? கட்சி என்பது பிறப்பு வருடம் போல ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. கருக்கலைப்பை எதிர்க்கும் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் கட்சி மாறிவிட்டால், ஒருவர் மனமும் மாறாமலே கட்சியின் சராசரி ஏறும். வருடா வருடம் புதிய ஆட்களைக் கேட்கும் சர்வேயால் இதைப் பிரிக்கவே முடியாது. அதே ஆட்களை மறுபடி கேட்கும் பேனல் வேண்டும். அமெரிக்கத் தேர்தல் ஆய்வான ஏ.என்.இ.எஸ்.-இன் 2016-2020 பேனல் இருக்கிறது, ஜி.எஸ்.எஸ்.-இலும் 2006-லிருந்து சில பேனல்கள் உண்டு.

மதத்திலும் இதே சிக்கல், இன்னும் பெரிதாக. பியூ 2024-இல் வெள்ளை எவாஞ்சலிக்கல் (பழமைவாதப் பிரிவு) புராட்டஸ்டண்டுகளில் 73% எதிர்ப்பு. மதச்சார்பு இல்லை என்பவர்களில் 86% ஆதரவு. கத்தோலிக்கர் 59%, கறுப்பின புராட்டஸ்டண்டுகள் 71% ஆதரவு. மதச்சார்பற்றோர் 2007-இல் 16%, இப்போது 28 வாக்கில். மொத்த ஆதரவு ஏறுவதில் எவ்வளவு பங்கு ஆட்கள் கூட்டம் மாறியதால், எவ்வளவு கூட்டத்துக்குள் கருத்து மாறியதால் என்று பிரிக்க மக்கள்தொகை ஆய்வாளர் கிட்டகாவா 1955-இல் கொடுத்த வழி போதும், காகிதத்திலேயே போடலாம். ஒரு கற்பனைக் கணக்கு: வாராவாரம் தேவாலயம் போவோர் 40%-லிருந்து 30% ஆகிறார்கள், அவர்கள் ஆதரவு 35-லிருந்து 38. மற்றவர்கள் 60%-லிருந்து 70%, ஆதரவு 70-லிருந்து 73. மொத்தம் 56-லிருந்து 62.5, ஏற்றம் 6.5. பங்கின் மாற்றத்தை இரு கால ஆதரவின் சராசரியால் பெருக்குங்கள்: மைனஸ் 0.1 பெருக்கல் 36.5, கூட்டல் 0.1 பெருக்கல் 71.5, ஆக 3.5. ஆதரவின் மாற்றத்தைப் பங்கின் சராசரியால் பெருக்குங்கள்: 3 பெருக்கல் 0.35, கூட்டல் 3 பெருக்கல் 0.65, ஆக 3. ஏற்றத்தில் பாதிக்கு மேல் ஆட்கள் இடம்பெயர்ந்ததால் வந்தது. இதைச் செய்யாமல் 'மதநம்பிக்கையாளர்களும் மாறுகிறார்கள்' என்று எழுதுவது பாதிக் கதை.

எவாஞ்சலிக்கல் என்ற சொல்லிலும் ஜாக்கிரதை. பியூ நேரடியாக 'நீங்கள் எவாஞ்சலிக்கலா' என்று கேட்கிறது. ஜி.எஸ்.எஸ்.-ஐப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் எந்தச் சபை என்பதை வைத்து வகைப்படுத்துவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. இந்தக் கூட்டம் ஆதியிலிருந்தே இப்படி என்றும் நினைக்க வேண்டாம். எவாஞ்சலிக்கல் சபைகளின் கூட்டமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 1971-இல் பாலியல் வன்முறை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல், மன நலம் ஆகிய காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. 1980-இல்தான் நேர் எதிராகத் திரும்பியது.

கேள்விக்குறி:

நன்றி, அட்டவணையை முதலிலிருந்து போடப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். பியூவில் 18-29 வயதினர் 76% ஆதரவு. 'தலைமுறை மாற மாற மொத்த ஆதரவு தானாக ஏறும்' என்று ஒரு பத்தி எழுதி வைத்திருக்கிறேன். இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?

தரவுக்காரி:

எடுத்துவிடுங்கள், அல்லது பிறப்பு வருடத்தை வைத்து மறுபடி எழுதுங்கள்.

வயது, ஆண்டு, பிறப்பு வருடம் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் மென்பொருள் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு விடை கொடுக்கும், எதை எறிந்தது என்பதைப் பொறுத்து முடிவே மாறும். பத்து வருடப் பிறப்புக் கூட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் காலத்தோடு பின்தொடர்வதே பாதுகாப்பு. 1972-இல் 65 வயதானவர் 1907-இல் பிறந்தவர். 2022-இல் 65 வயதானவர் 1957-இல் பிறந்தவர், ரோ தீர்ப்பு வந்த 1973 ஜனவரியில் பள்ளி மாணவர். இருவரையும் 'முதியோர்' என்று ஒரே நிறத்தில் வரைந்தால் எதைப் பின்தொடர்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

தலைமுறை மாறினால் ஏறும் என்பது 1970-களிலும் சொல்லப்பட்டதுதான். அன்றைய இளைஞர்கள்தான் 2009-இல் ப்ரோ-லைஃப் 51% ஆனபோது நடுவயதில் இருந்தவர்கள்.

வாக்குச்சீட்டு:

சர்வேயை மட்டும் வைத்துக் கட்டுரையை முடிக்காதீர்கள், டாப்ஸுக்குப் பிறகு வாக்கெடுப்பு நடந்த மாநிலங்கள் நிறைய. கன்சாஸ் 2022 ஆகஸ்ட்: கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59% நிராகரித்தார்கள். ஒஹாயோ 2023 நவம்பர்: உரிமைக்கு 56.8% ஆதரவு. 2024-இல் மிசௌரியில் 51.6%, அதே நாளில் அதே மாநிலத்தில் டிரம்புக்கு 58.5%. அரிசோனாவில் 61.6%, அங்கேயும் டிரம்ப் வென்றார். கட்சியும் இந்தக் கருத்தும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்க முடியும் என்பதை எந்தக் கருத்துக்கணிப்பையும்விட இது தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் சதவீதத்தை வெற்றி தோல்வியோடு குழப்பிவிடக் கூடாது. ஃபுளோரிடாவில் 57.2% ஆதரவு கிடைத்தும் திருத்தம் தோற்றது, அங்கே 60% வேண்டும். ஒஹாயோவிலும் 2023 ஆகஸ்டில் வரம்பை 60-க்கு உயர்த்த ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நவம்பரின் 56.8 தோல்வி. நெப்ராஸ்கா 2024-இல் எதிரெதிரான இரண்டு திருத்தங்கள் ஒரே சீட்டில்: முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடை என்றதற்கு 55%, கரு தனித்து உயிர்வாழும் நிலை வரை உரிமை என்றதற்கு 49%. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது, அதாவது இரண்டுக்கும் 'ஆம்' போட்டவர்கள் இருக்கிறார்கள். அளவுகோல் சொன்ன நடுக்கூட்டம் இவர்கள்தான்.

ஒரே வாசகத்தைத் தலைமுறை இடைவெளியில் இரண்டு முறை மக்கள் முன் வைத்த நாடு அயர்லாந்து. 1983-இல் கருக்கலைப்பைத் தடுக்கும் எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தைச் சேர்க்க 66.9%, 2018-இல் அதை நீக்க 66.4%. வாக்குச்சாவடிக் கணிப்பில் 65 வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே நீக்கத்தை எதிர்த்தார்கள். 1983-இல் அவர்களுக்கு முப்பது வயதாவது இருக்கும். பிறப்புக் கூட்டம் பற்றிய பத்திக்கு இது உதவும்.

மாநிலவாரி மக்கள்தொகைப் பிரிவுக்கு மாவட்ட முடிவுகளை எடுத்துப் 'பெண்கள் அதிகமுள்ள மாவட்டம் இப்படி வாக்களித்தது, எனவே பெண்கள் இப்படி' என்று இறங்காதீர்கள். மாவட்டத்தின் சராசரியை ஆளின் மேல் ஏற்ற முடியாது. அதற்கு மதம் பற்றிய கருத்துக்களை ஆராயும் பி.ஆர்.ஆர்.ஐ. நிறுவனத்தின் வருடாந்தரப் பெரிய சர்வே இருக்கிறது. 2023-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகள், எனவே மாநிலத்தைப் பிரித்தும் ஆள் மிஞ்சும்.

கருத்து எந்தப் பக்கம் என்பதோடு எவ்வளவு அழுத்தம் என்பதையும் ஒரு வரிசையாகச் சேருங்கள். கேலப் 2024-இல் 32% பேர் தங்கள் நிலைப்பாட்டோடு ஒத்துப்போகும் வேட்பாளருக்கு மட்டுமே வாக்கு என்றார்கள், அதுவரை வந்ததில் அதுவே உச்சம். நீண்ட காலமாக அந்தப் பிடிவாதம் ப்ரோ-லைஃப் பக்கம்தான் கூடுதலாக இருந்தது, டாப்ஸுக்குப் பிறகு மறுபக்கம் போய்விட்டது. 'சில சூழல்களில் மட்டும்' என்ற உங்கள் 54-50 கோடு அசையாமல் நிற்கும் அதே வருடங்களில் இது நடந்திருக்கிறது.